பித்தளைக்கு ஒரு மாலை

டார்பிடோ படகுக்காரர்களின் ஆண்டுவிழா மேடையில், கேக்குக்குப் பக்கத்தில், பழைய படகின் பித்தளைப் புரொப்பெல்லரைத் துலக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மாலை வேறு, சந்தனப்பொட்டு வேறு. அந்தப் படகில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்த சூசைமிக்கேல் அதன் பக்கம் போகாமல் தள்ளியே நின்றார். போரின்போது ஒருநாள் எதிரிக்கப்பல் மூழ்கியதும், உயிர்தப்பி நீந்திக்கொண்டிருந்தவர்களின் மேலேயே படகை ஓட்டச் சொன்னார் கேப்டன். மறுநாள் கரையில், இந்தப் புரொப்பெல்லரின் இறக்கைகளில் சுற்றியிருந்த துணியையும் முடியையும் கத்தியால் அறுத்தெடுத்தவர் சூசைமிக்கேல்தான்.

“தொட்டுக் கும்பிடுங்க அங்கிள், உங்களையெல்லாம் கரை சேத்த சாமில்லா இது!” என்றாள் கேப்டனின் மகள்.

தொட்டார். விரல் தன்பாட்டுக்கு இறக்கையின் அடிப்பக்கம் போய்த் துழாவியது. மாலையிலிருந்து பிரிந்த நார் விரலில் சுற்றிக்கொண்டது.

“கத்தி ஒண்ணு குடும்மா,” என்றார்.

கேக் வெட்டப்போகிறார் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.