பூட்டிக்கொள்ளும் அரிவாள்

"பாத்தியளா அண்ணாச்சி, நம்ம மாவட்டத்துல இந்த வருசமும் ஒரு கொலைகூட விழலையாம்," என்றார் இளநீர் குடிக்க வந்த பஸ் கண்டக்டர், கைப்பேசியில் செய்தியைப் பார்த்தபடி.

"நல்லதுதான," என்றார் பேருந்து நிறுத்தத்தில் இளநீர் விற்கும் தங்கபாண்டி.

மனதாரத்தான் சொன்னார். இதே பேருந்து நிறுத்தத்தில்தான் அவருடைய அண்ணனை வெட்டிச் சாய்த்தார்கள். பிடித்தவரின் நாடி எகிறினால் அலகை உறைக்குள் இழுத்துத் தானே பூட்டிக்கொள்ளும் அரிவாளை அரசு கொடுத்தபோது, பழையதை முதல் ஆளாகக் கொண்டுபோய் ஒப்படைத்தவர் அவர். தயங்கியவர்களையும் பேசிச் சம்மதிக்க வைத்தார். யாரோடாவது வாய்த்தகராறு என்றால், மூச்சை நிதானமாக்கிக்கொண்டுதான் அடுத்த காயைச் சீவ முடியும். அதுவும் பழகிவிட்டது.

போன ஆடியில், பக்கத்தில் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்த அவர் மனைவி செல்லக்கனியின் முந்தானையை இயந்திரம் இழுத்துவிட்டது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். அதற்குள் சேலை அவள் கழுத்தை இறுக்கியிருந்தது. அறுத்துவிட அரிவாளை எடுத்தார். பூட்டிக்கொண்டது. கோபத்துக்கும் பயத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பதறக்கூடாது, பதறக்கூடாது என்று சொல்லிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். அவள் கை அவர் சட்டையைப் பற்றியிருந்தது.

அந்தக் கை நழுவி வெகுநேரம் கழித்து, பதறுவதற்கு இனி எதுவும் இல்லை என்றானபோது, அரிவாள் திறந்தது.

"என்ன அண்ணாச்சி, வெட்டலியா?" என்றார் கண்டக்டர்.

தங்கபாண்டி ஒரு கையில் இளநீரும் மறுகையில் அரிவாளுமாகக் கண்ணை மூடி நின்றிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார். "இப்ப தெறந்துரும்."