மஞ்சள் வந்தால் பாஸ்

“வந்துட்டாருப்பா பவுடரு. நம்ம கெணத்தக் கக்கூஸாக்காம ஊரு போய்ச் சேர மாட்டாரு.”

திரௌபதி சொன்னதும் கிணற்றடியில் சிரிப்பு. ராஜாங்கம் காதில் விழாதவன் மாதிரி வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

பட்டணத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் படிப்பு. எழுத்துப் பரீட்சை முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது செய்முறை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் பின்னால் எட்டு வீட்டுக்கு ஒரே கிணறு. ஏழு நாள், விடிகாலை ஐந்து மணிக்கு அதில் மருந்து போட வேண்டும். ஏழாம் நாள் கடலூரிலிருந்து டாக்டர் ஜெயராஜ் வந்து தண்ணீரைச் சோதிப்பார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும். மாறினால், தண்ணீரில் பவுடர் இருக்கிறது, ராஜாங்கம் பாஸ். மாறாவிட்டால் இன்னொரு வருஷம் படிப்பு.

வேப்பூரில் அவன் அப்பா, “எம் பையன் இன்ஸ்பெக்டரு” என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி முடித்திருந்தார். பாதிப் பேர் போலீஸ் என்று நினைத்து வணக்கம் வேறு போட ஆரம்பித்துவிட்டார்கள்.

பவுடருக்குத் தெருவில் யாரும் வணக்கம் போடவில்லை. நாலு மணிக்கே வந்து, அவன் வருவதற்குள் குடங்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். திரௌபதிதான் முதல் ஆள்.

“மருந்து போட்ட தண்ணியத்தான் குடிக்கணும்க்கா.”

“சோறு நாறுது தம்பி. எங்க வூட்டுக்காரரு தட்டத் தள்ளிட்டு எழுந்து போறாரு.”

“காலரா வந்தா?”

“இந்தத் தெருவுக்குக் காலரா வந்ததில்ல. என் நாத்தனாதான் வருவா, வருஷத்துக்கு ரெண்டு வாட்டி. அதுக்கு ஏதாச்சும் பவுடரு இருக்குதா?”

மறுபடி சிரிப்பு.

ஆறாம் நாள் சாயங்காலம் ராஜாங்கத்துக்குச் சேதி வந்தது. டாக்டர் கிணற்றுப் பக்கமே போக மாட்டாராம். நேரே வீட்டுக்குள் நுழைந்து, குடிக்கிற தண்ணீரில்தான் சோதிப்பாராம்.

அவன் உடனே பெண்களையெல்லாம் கூட்டினான். குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக் காட்டினான்.

“பாருங்க, மஞ்சளா மாறுது. இந்த மஞ்சள் வந்தா நான் பாஸு. நாளைக்கு ஒருநாள் மட்டும், நான் மருந்து போட்ட அப்புறம் தண்ணி எடுங்க. அஞ்சு மணிக்கு டாண்ணு வந்துடுவேன். சுகாதாரம்னாலே நேரந்தவறாமைதான்.”

“பாவம், புள்ள கெஞ்சுது,” என்றாள் ஆதிலட்சுமி.

“பாக்கலாம் போ,” என்றாள் திரௌபதி. அந்தப் ‘பாக்கலாம்’ அவனுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஜீப் வந்து நின்றது. ராஜாங்கம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தான்.

“மருந்து போட்டாச்சா?” டாக்டர் ஜெயராஜ் கேட்டார்.

“அஞ்சு மணிக்கே போட்டாச்சு சார்.”

“அப்புறமாத்தானே தண்ணி எடுத்தாங்க?”

“சொல்லியிருக்கேன் சார். ஆனா இவங்க கேட்டாத்தானே? அதுலயும் அந்த முதல் வீட்டம்மா ஒரு மாதிரி. எப்பவும் மருந்து போடறதுக்கு முன்னாடியே எடுத்துடுவாங்க. குழாய் மஞ்சளா மாறலேன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல சார்.”

டாக்டர் நேரே அந்த முதல் வீட்டுக்குத்தான் போனார்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளை ஜாடிகள்தான் தண்ணீர்ப் பானை. திரௌபதி வீட்டு ஜாடியின் மூடியைத் தூக்கினார். சொட்டு மருந்துக்கு வேலையே இல்லை. உள்ளே தண்ணீர் கல்யாணப் பத்திரிகையின் மூலை மாதிரி மஞ்சளாக இருந்தது.

டாக்டர் மோந்து பார்த்தார்.

“இது மஞ்சத்தூளாச்சே.”

இரண்டாவது வீடு. அங்கேயும் மஞ்சள். மூன்றாவது வீடும் அப்படியே. எட்டு வீட்டு ஜாடியும் மஞ்சள். ஆதிலட்சுமி கொஞ்சம் தாராளம். கரண்டியை விட்டால் சாம்பாராகிவிடும் போலிருந்தது.

“எதுக்கும்மா இது?”

திரௌபதி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “மஞ்சளா வந்தா பாஸுன்னு தம்பி சொல்லிச்சுங்க. அதான்.”

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பவுடர் போட வந்தவனை அடிச்சு விரட்டின தெருவைப் பாத்திருக்கேன். கெணத்தைப் பூட்டி வெச்ச தெருவையும் பாத்திருக்கேன். ஒருத்தன் பாஸாகணும்னு அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்த தெருவை இப்பத்தான் பாக்கறேன். இனிமே நான் இதுல என்னத்தைச் சோதிக்கறது? ஜனங்க மனசைப் பிடிக்கறதுதான்யா பாதிப் படிப்பு. அது உனக்கு வந்துடுச்சு.”

ராஜாங்கத்தின் நோட்டில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெண்ணாடத்தில் இன்னொரு மாணவன் காத்திருந்தான்; ஜீப் கிளம்பிப் போனது.

ராஜாங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“என்னக்கா கூத்து இது? டாக்டர் எதிர்ல என் மானமே போச்சு. நான் சொன்னபடி ஒரே ஒருநாள் நேரத்தோட வந்து, மருந்து போட்ட தண்ணியை எடுத்திருந்தா இவ்வளவு கேவலம் தேவையா?”

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

திரௌபதி அவன் பக்கத்தில் வந்தாள். அக்கம்பக்கம் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“அஞ்சு மணியிலேருந்து ஏழு மணி வரைக்கும் எட்டுப் பேரும் வெறுங்குடத்தோட கெணத்தடியிலதான் தம்பி நின்னோம். நீதான் வரல.”