நாக்கில்லாதவனின் சாட்சி

அவன் வாயைத் திறந்தான்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. யாரோ ஒருத்தி "யா அல்லாஹ்" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

பல் இருந்தது. இருட்டு இருந்தது. நாக்கைக் காணோம்.

அது தொண்டைப் பக்கம் மடிந்து பத்திரமாகக் கிடந்தது. மடிக்கப் பழகிய காலத்தில் வாந்தி எடுத்தே இளைத்துப்போனான். இப்போது தூக்கத்தில்கூட மடிப்பான். மோசூல் நகரத்து வைத்தியர்களே விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் பாக்தாத் வரை அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

குருடனாக நடித்தால் முகத்துக்கு நேரே கல்லை ஓங்கிப் பார்ப்பார்கள். நொண்டியாக நடித்தால் நாயை ஏவிப் பார்ப்பார்கள்.

நாக்கில்லாதவனை என்ன செய்துவிட முடியும்? குறுக்குக் கேள்விகூடக் கேட்க முடியாது.

பேச்செல்லாம் கூட்டாளி ஹம்தூனின் பொறுப்பு. ஜும்மாத் தொழுகை முடிந்து ஜனம் பள்ளிவாசல் படியிறங்கியதும் அவன் தொண்டையைச் செருமினான்.

"எல்லையைக் காக்கப் போன மனுஷன், ஐயாமாரே! ரோமாபுரிக்காரன் பிடிச்சு நிலவறையில போட்டான். நாக்கை அறுத்துட்டான்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்று கூட்டம் அதிகம். அவனுக்கு வாய் நீண்டது.

"உங்க ஊர்ப் பிள்ளைங்களும் அதே நிலவறையிலதான் கிடந்தாங்க!"

அடப்பாவி, என்று நினைத்துக்கொண்டான் நாக்கில்லாதவன்.

நினைத்து முடிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் தண்ணீர்க் குவளை. அவன் எதிரே மண்டியிட்டாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் பேரு சஃப்வான். எல்லைக்குப் போனவர்தான். இடது புருவத்துல தழும்பு இருக்கும். அவரைப் பார்த்தீங்களா?"

ஊருக்கே கேட்கும் குரல்.

அவன் அசரவில்லை. இதற்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தான். செத்துவிட்டான் என்று சொன்னால் ஒருதரம் அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். உயிரோடு இருக்கிறான் என்றால் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார்கள், வெறுங்கையோடு வர மாட்டார்கள். இப்படி எத்தனையோ பேரை அவன் உயிரோடு வைத்திருந்தான். அதில் அவனுக்குப் பெருமைகூட உண்டு.

பார்த்தேன் என்று தலையாட்டினான்.

கூட்டம் நெருங்கி வந்தது.

"முதல்ல தண்ணி குடிங்க ஐயா" என்றாள்.

குவளையை அவளே அவன் வாயருகே பிடித்தாள். அவன் கடைவாயில் பாதியை ஒழுகவிட்டுக் குடித்தான். அப்படிக் குடிக்கவும் பழகியிருந்தான்.

அவள் முகம் அவன் காதருகே வந்தது.

"முந்தாநாள் ஆத்தங்கரையில துணி அலசிக்கிட்டே பாடினியே. நல்ல குரல் உனக்கு."

ஒழுகவிட மறந்து மிச்சத்தை அப்படியே விழுங்கினான்.

"அவர் போய் எத்தனையோ பெருநாள் வந்து போயிடுச்சு. செத்ததுக்குச் சாட்சி இல்லாம இன்னொரு நிக்காஹ் கிடையாதுங்கிறார் காஜி. செத்துட்டார்னு சொல்லு. இல்லன்னா இப்பவே உன் வாய்க்குள்ள கையை விட்டு நாக்கை இழுத்துக் காட்டுவேன்."

அவள் தோளுக்கு மேலே பார்த்தான். தூணருகில் ஒருவன் நின்றிருந்தான். சாயத்தொட்டியில் முக்கி முக்கி நீலம் ஏறிய கைகள். ஊரே நாக்கில்லாத வாயைப் பார்க்க, அவன் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடேங்கப்பா!

பயத்தைவிட மரியாதைதான் முதலில் வந்தது. குவளை பிடித்த கையில் துளி நடுக்கமில்லை. இவளல்லவா தொழில்காரி!

அவள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். மறுபடியும் அந்த ஊர்க்குரல்.

"எதுவானாலும் தாங்கிக்குவேன், சொல்லுங்க ஐயா. உயிரோட இருக்காரா?"

வேலை என்று வந்துவிட்டால் வேலைதான். அவன் நிதானமாக வானத்தைப் பார்த்தான். கண்ணில் நீர் வரவழைத்தான். இல்லை என்று தலையசைத்தான். பிறகு இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மெல்லச் சரித்துக் காட்டினான். தன் கையாலேயே அடக்கம் செய்ததாக.

அவள் அலறினாள்.

நல்ல அலறல். எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, உடைக்க வேண்டிய இடத்தில் உடைத்தாள். அவன் காதுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு அவள் கை தன் இடது புருவத்துக்குப் போனது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அடுத்து வந்த சத்தம் வேறு. அதை யாரும் பழகிக்கொண்டு வர முடியாது.

தூணருகில் நின்றவன் ஓரடி எடுத்து வைத்தான். அதற்கு மேல் வரவில்லை.

கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. இன்னா லில்லாஹி... மரணச் செய்தி கேட்டால் சொல்ல வேண்டியது. பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள். தானாகவே வரும்.

அவனுக்கும் வந்தது.

முகம் தெரியாத சஃப்வானுக்காக, கடைசிவரை, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

ஹம்தூனின் முகம் வெளுத்தது. ஆனால் அத்தனை முணுமுணுப்பில் நாக்கில்லாதவனின் குரல் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது.

அழுகை அறுந்தது. நிமிர்ந்து அவன் வாயைப் பார்த்தாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அப்ப... நிஜமாவே அவரைப் பார்த்தீங்களா?"

அவன் நாக்கை மடித்துக்கொண்டான்.