முன்கூட்டிக் கட்டவேண்டிய தொகை

நீதிபதி திரையில் தோன்றியதும் அவள் எழுந்து நின்றாள்.

அங்கே பினாங்கில் பகல் பன்னிரண்டு. இங்கே தொண்டியில், அன்வர்தீனின் பிரவுசிங் சென்டரில், காலை ஒன்பதரை.

சிறுசிறு கட்டங்களில் முகங்கள். நடுவில் நீதிபதி. ஒரு பக்கம் கட்டடக் கம்பெனியின் வக்கீல். மறுபக்கம் அவளுக்காகக் காசு வாங்காமல் வாதாடும் சீனப் பெண். கீழே மொழிபெயர்ப்பாளர், அந்த ஊர்த் தமிழர்.

நீதிபதி ஏதோ கேட்டார். மறுபடியும் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் பதறினார். வழக்குப் போட்டவர் வரவில்லையா என்று ஐயா கேட்கிறாராம்.

வராவிட்டால் வழக்கு இன்றோடு முடிந்தது. அது அவளுக்குத் தெரியும்.

கைகளைக் கட்டிக்கொண்டு இன்னும் நேராக நின்றாள்.

அன்வர்தீன் எட்டிப் பார்த்தான்.

"உக்காருங்கக்கா. ஜட்ஜய்யா இவ்வளவு நேரமா உங்க இடுப்புச் சாவியத்தான் பாத்துக்கிட்டிருக்காரு."

நீதிபதிக்கு முன்னால் எப்படி உட்காருவது?

அவன் தலையில் அடித்துக்கொண்டான். லேப்டாப்பைத் தூக்கி, நான்கு கட்டு ஜெராக்ஸ் பேப்பரின் மேல் வைத்தான்.

இப்போது திரையில் அவள் முகம் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் நீதிபதியிடம் எதையோ விளக்கினார். நீதிபதி அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

கம்பெனி வக்கீல் பேசினார். தமிழ் பின்னாலேயே துண்டு துண்டாக வந்தது.

இவர் வெளிநாட்டவர். இங்கே இவருக்குச் சொத்து கிடையாது. தோற்றுப்போனால் எங்கள் வழக்குச் செலவை யாரிடம் வாங்குவது? முதலில் பணத்தைக் கட்டட்டும். பிறகு வழக்கை நடத்தலாம்.

எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். வீட்டை விற்றாலும் பாதிதான் தேறும்.

பதினான்கு மாதமாக இது ஒன்றே பேச்சு. எவ்வளவு, எப்போது, யார் கட்டுவது.

சாரம் எப்படிச் சரிந்தது, ஒன்பதாவது மாடியில் அவள் கணவனுக்கு ஏன் இடுப்புப் பட்டை தரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

சீனப் பெண் கொஞ்சமாகத்தான் பேசினாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கம்பெனி வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

அவர்களுக்குப் பின்னால் எங்கோ மழை பெய்யும் சத்தம்.

நீதிபதி ஏதோ எழுதினார். எழுதியதை வாசித்தார். தமிழ் வரத் தாமதமாயிற்று. வந்தபோது மொழிபெயர்ப்பாளரின் குரல் இளகியிருந்தது.

"அம்மா, பணம் கட்ட வேண்டாம். உங்க வீட்டுக்காரர் செத்தது இங்க. நியாயம் கேக்க நீங்க வேற எங்க போவீங்கன்னு சொல்லிட்டாரு. அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி விசாரணை."

ஒன்றுமே கட்ட வேண்டாமா என்று அவள் கேட்டாள்.

ஒரு காசும் வேண்டாம் என்றார்.

திரை இருண்டது.

வெளியே நல்ல வெயில். கடல் காற்று சேலையை இழுத்தது. பசித்தது. கடைசியாக எப்போது பசித்தது என்று அவளுக்கு நினைவில்லை.

இட்லிக் கடையில் நான்கு கேட்டாள். பிறகு இன்னும் இரண்டு.

சாம்பார் ஊற்றிய கடைக்காரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். கேஸ் ஜெயித்துவிட்டதா என்று கேட்டாள்.

"இல்லக்கா. இனிமேத்தான் என்னன்னு கேக்கப் போறாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எங்கிருந்து தொடங்குவது?

கையில் இட்லித் துண்டு அப்படியே நின்றது.

சாரம் சரிந்த அன்று காலை அவர் போனில் பேசியதிலிருந்து தொடங்கலாம்.