இரண்டு ஹாரன்

இந்த லோடும் தாமதமானால் வேறு லாரி பார்த்துக்கொள்வதாக டைல்ஸ் கம்பெனி சொல்லிவிட்டது. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் தையல்நாயகி டிரைவர் ராசுக்குட்டிக்குப் போன் போட்டாள்.

“கேட்டு முன்னாடிதான் நிக்கிறேன்க்கா.”

அவள் நம்பவில்லை. டோல்கேட் தாண்டிட்டேன் என்றாலே டீக்கடையில் இருப்பான். கேட்டு முன்னாடி என்றால் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை. சரி, தலைக்காவது குளிப்போம் என்று எண்ணெயை உச்சியில் ஊற்றித் தேய்த்தாள். இன்னும் துண்டிக்காத போனில் ஹாரன் அடித்தது. அதே ஹாரன் ஜன்னல் வழியாகவும் கேட்டது.

கிடங்குக்குப் பின்னால்தான் வீடு. எண்ணெய் வழியச் சாவியோடு ஓடினாள். பூட்டிய கேட்டின் முன்னால் முழு லோடோடு லாரி நின்றிருந்தது. சாவி கையில் வழுக்கியது, சிரிப்பு அடங்கவில்லை.

“நான் வேணா ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டுமாக்கா?”

அவள் பூட்டை விட்டுவிட்டு, எண்ணெய்க் கையால் லாரியின் பம்பரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.