எதிரி ஊர்ப் பாட்டு

கராஜ் கதவு தடாலென்று மேலே போனபோதே டெஸ்ஸாவுக்குத் தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டோம் என்று.

"ஏண்டி, என்ன வாசிக்கிற?" அப்பா டாரின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

அவள் கிளாரினெட்டை இறக்கினாள். "ஸ்கூல் பேண்ட் ப்ராக்டிஸ்ப்பா."

"அது கேல்பிக்காரன் பாட்டு! எனக்கா தெரியாது? நாளைக்கு அவனுங்களோடதானே மேட்ச்?"

"மிஸ் லுண்ட்தான் கத்துக்கச் சொன்னாங்க..."

"அப்படியா சேதி? ஏறு வண்டியில."

சொந்த மகளே எதிரி ஊர்ப் பாட்டை வாசித்தால் எந்த அப்பனுக்குத்தான் பொறுக்கும்? இவர்கள் ஊர் ஓர்வினுக்கும் கேல்பிக்கும் நடுவே பதினோரு மைல் சோளக்காடுதான். அறுவடைக்கு டிராக்டர் இரவல் கொடுப்பார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால் என்று வந்துவிட்டால் மட்டும் ஜென்மப் பகை. அதிலும் டாரின், ஓர்வின் பள்ளி டீமின் பழைய ஹீரோ. இப்போது டீமின் ஆதரவாளர் சங்கத் தலைவர் வேறு. கேட்க வேண்டுமா!

பள்ளியின் பேண்ட் அறையில் மிஸ் லுண்ட் டிரம்முக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை.

"டீச்சர், எங்க பிள்ளைங்களுக்கு எதிரி பாட்டைச் சொல்லித் தர்றீங்களாமே?"

"கேல்பி ஸ்கூல்ல பேண்டைக் கலைச்சிட்டாங்க சார். பழைய டீச்சர் ஓய்வு பெற்றதும் வேற ஆள் போடல. அவங்க பையன் கோட்டைத் தாண்டி டச்டவுன் அடிச்சா, வழக்கம்போல அவங்க பாட்டை வாசிக்க அங்க ஆளே இல்ல. அதனால நாம வாசிக்கலாம்னு..."

"நாம வாசிக்கிறதா? ரொம்ப நல்லா இருக்கே! அப்படியே ரெண்டு டச்டவுனும் நாமளே போட்டுக் கொடுத்துடலாமே!"

"அப்பா, ப்ளீஸ்..." டெஸ்ஸாவுக்கு மானம் போயிற்று.

"நீ சும்மா இரு. டீச்சர், நீங்க ஊருக்குப் புதுசு. தொண்ணூத்தொண்ணுல, கேல்பி மைதானத்துல, கொட்டுற மழையில பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நாப்பது கெஜம் ஓடினவன் நான். கோட்டைத் தாண்டி விழுந்தேன் பாருங்க, அந்த நிமிஷம் நம்ம பாட்டு கிளம்புச்சு. இன்னிக்கு நினைச்சாலும் புல்லரிக்குது! பாட்டுன்னா அது. அதைப் போய் எதிரிக்கு வாசிப்பாங்களா?"

மிஸ் லுண்ட் டிரம் வாரை இழுத்து இறுக்கினார்.

"நாளைக்கு அந்தப் பாட்டுல ஒரு துளி கேட்டுச்சு, திங்கட்கிழமை ஸ்கூல் போர்டு மீட்டிங்ல எழுந்து நிப்பேன். உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல. இவளும் பேண்டை விட்டு நின்னுக்குவா."

அன்று ராத்திரி டெஸ்ஸா தூங்கவே இல்லை. டீச்சருக்கு வேலை போய்விடும். தனக்குப் பேண்ட் போய்விடும். கேல்பிக்காரன் ஒரு பாயின்ட்கூட எடுக்காமல் இருந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. கடவுளே, அப்படிச் செய்!

கடவுளும் முக்கால்வாசி கேட்டார். வெள்ளிக்கிழமை மேட்ச் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது ஓர்வின் இருபத்தெட்டு, கேல்பி பூஜ்யம்.

அப்போது பார்த்து ஓர்வின் பையன் பந்தை நழுவவிட்டான். கேல்பியின் ஒல்லிப் பையன் ஒருத்தன் அதை வாரி எடுத்தான். விழுந்தடித்து ஓடினான். டச்டவுன்!

கேல்பிக்காரர்கள் கைதட்டினார்கள். பையன் பந்தும் கையுமாகத் திரும்பி, அவர்கள் பேண்ட் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தான். பெஞ்சுகள் காலி. கைதட்டலும் ஓய்ந்துபோயிற்று. அவன் அப்படியே நின்றான்.

மிஸ் லுண்ட் கையைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பேண்டுக்குப் பின்னால் கேலரியின் மூன்றாவது வரிசையில் டாரின் எழுந்துவிட்டார்.

படிகளில் திமுதிமுவென்று இறங்கி வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று டெஸ்ஸா கண்ணை மூடிக்கொண்டாள்.

"டீச்சர்! என்ன யோசனை? பையன் காத்துக்கிட்டு நிக்கிறான் பாருங்க! வாசிக்கச் சொல்லுங்க!"

மிஸ் லுண்ட்டின் கை இறங்கியது; பேண்ட் கேல்பி பாட்டைத் தொடங்கியது.

அப்பாடா! டெஸ்ஸாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரையெல்லாம் கிளாரினெட்டுக்குள் ஊதினாள். எதிர்ப்பக்கம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாடினார்கள். அந்தப் பையன் குதித்த குதியில் ஹெல்மெட் கழன்று விழுந்தது. ஓர்வின்காரர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு அவர்களும் கைதட்டினார்கள்.

மேட்ச் முடிந்து வண்டியில் ஏறியதும் டெஸ்ஸா கேட்டாள். "நேத்து அந்தக் குதி குதிச்சீங்க. இன்னிக்கு என்னப்பா ஆச்சு?"

டாரின் சாவியைப் போட்டவர், வண்டியைக் கிளப்பவில்லை.

"அந்தப் பையன் நின்ன நிலையைப் பார்த்தேம்மா. அதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல."

"எதைச் சொல்றீங்க?"

"நான் டச்டவுன் அடிச்ச அன்னிக்கு, நம்ம பேண்ட் பஸ் சேத்துல மாட்டிக்கிச்சு. ஆட்டம் முடியப்போற நேரத்துலதான் வந்து சேர்ந்தாங்க. மழைக்குப் பயந்து நம்ம ஊர் ஆளுங்க பத்து பேர்கூட வரல. விஷயம் தெரிஞ்ச டீம் பசங்களும் வெளிய மூச்சு விடல. நானும் இத்தனை வருஷமா அதை மட்டும் விட்டுட்டுத்தான் கதை சொல்றேன்."

"அப்போ அந்தப் பாட்டு? நம்ம பாட்டைக் கேட்டேன்னு சொல்வீங்களே?"

"கேட்டேன்தான். எனக்காக அதை வாசிச்சது கேல்பிக்காரங்க."