மஞ்சள் மாப்பிள்ளை

திண்டுக்கல் வெயிலில் நிச்சயதார்த்த மண்டபத்துச் சுவர்களுக்கே வியர்த்துக் கொட்டியது. எடுத்த கையோடு படத்தைத் துப்பும் கேமராவுடன், மஞ்சள் விளக்குகள் எரிந்த மேடை முன்னால் நின்றார் இஷாக்.

“என்ன பாய் இது? எங்க மாப்பிள்ளை பரங்கிப்பழமாட்டம் மஞ்சளா இருக்காரு!” என்று படத்தை நீட்டினார் பெண்ணின் அத்தை சகாயசெல்வி.

“வெக்கைக்கு பிலிம் மஞ்சளடிக்கும்க்கா. செத்த இருங்க.”

பிலிமை ஐஸ் பெட்டியில் குளிர வைத்து எடுத்தார். மஞ்சள். புது பிலிம் மாற்றி எடுத்தார். அதைவிட மஞ்சள்.

“சீக்கிரம் முடிங்க பாய், அசதியா இருக்கு” என்று நாற்காலியில் சரிந்தான் மாப்பிள்ளை ஆண்டனிராஜ்.

“காலையிலருந்து இதே பாட்டுதான். சாப்பாட்டையும் தொடல. பொண்ணப் பிடிக்கலையோ?” என்று சகாயசெல்வி கிசுகிசுத்தது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. மணப்பெண் ஐரினின் முகம் சுண்டிப்போனது.

கேமராவைச் சோதிக்க, ஐரினை அதே நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தார் இஷாக். துளி மஞ்சள் இல்லை. உடனே போய் ஆண்டனிராஜின் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

“கேமராவுக்கு ஒண்ணுமில்லக்கா. தம்பிக்குத்தான் மஞ்சக்காமாலை. இந்த மஞ்ச லைட்டுல நமக்குத் தெரியல, பிளாஷ் காட்டிக் குடுத்துருச்சு. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

மண்டபமே பதறி எழுந்தது. ஐரின் மட்டும் அவன் பக்கம் குனிந்தாள்.

“அப்ப என்னையப் பிடிச்சிருக்குல்ல?”

“அம்புட்டுப் பிடிச்சிருக்கு” என்றான் ஆண்டனிராஜ், கண்ணைத் திறக்க முடியாமல். “சோத்தைத்தான் பிடிக்கல.”